எலுமிச்சையில் கட்டிய தொட்டில்

அடி அண்ணாமலை,
ஐப்பசி

அன்பு மகள் தீக்ஷாவுக்கு அம்மா எழுதுவது. அருகன் அருளால் இங்கே நானும் அப்பாவும் சுகம், கனடாவில் நீயும் மாப்பிள்ளை ஜினேஷும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ எலுமிச்சை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், நானும் பூ வைத்திருக்கிறது, காய் விட்டிருக்கிறது என்று சொல்கிறேன். நாம் பேசுவது எலுமிச்சையைப் பற்றி இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி, ஆனால் தைலம் தேய்க்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்னொரு சேதி, இதைப் பதறாமல் படி. பாகம் பிரித்தபோது மதிலோரத்து மூலை உன் சித்தப்பா பங்குக்குப் போனதல்லவா, அதை அவர் ஆனியிலேயே சென்னைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கிரிவலத்துக்கு வருகிறவர்கள் தங்க ரூம் கட்டுவார்களாம், தை பிறந்ததும் கடைக்கால் தோண்டுவார்களாம், எலுமிச்சை போய்விடும். சித்தப்பாமேல் கோபப்படாதே, அவருக்குத் தெரியாது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா துணியில் சுற்றி எடுத்துவந்து அந்த மரத்தடியில் மூடியது நம் நாலு பேருக்குத்தான் தெரியும். தலைப்பிரசவத்துக்கு என்று ஆசையாக அழைத்துவந்து உன்னை வெறுங்கையோடு விமானம் ஏற்றினேன், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். தூங்குகிறதை எழுப்பாதே என்றார்.

மரத்தையாவது கொண்டுபோகலாம் என்று ஆசிரமத்துப் பக்கம் நர்சரி வைத்திருக்கிற ரியாசுதீன் பாயிடம் போய்க் கேட்டேன். விதை போட்டால் வருவது வேறு மரம், கிளையில் பதியம் கட்டினால்தான் இதே மரம் வரும் என்றார். இதே மரம் என்று அவர் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. ஆடி மாதம் நல்ல கிளைகளாக நாலைந்து பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து, வழவழப்புப் போகத் துடைத்தேன். புழுவைக்கூட மிதிக்காமல் நடந்து பழகிய நான், உனக்கு வலிக்கிறதா என்று மரத்திடம் கேட்டேவிட்டேன். காயத்தின் மேல் ஓரத்தில் வேர்ப் பவுடர் தடவி, நனைத்த பாசியும் தேங்காய் நார்த்தூளும் வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினேன். பாய் மண் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் மரத்தடியிலிருந்து பிடிப் பிடியாக மண் எடுத்து எல்லாவற்றிலும் கலந்துவிட்டேன், எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கே சேர்க்காத ஜைன வீட்டில் இவள் வேருக்குத் தவம் கிடக்கிறாள் என்று அப்பா கேலி செய்தார். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தால் அவர் நாற்காலியை மரத்துக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொள்வார். ஏன் என்று எனக்குத் தெரியும். காற்றில் அந்தப் பொட்டலங்கள் ஆடும்போது சுற்றின விதம் அன்றைக்கு அவர் கையில் இருந்தது போலவே இருக்கும். பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். காற்றே இல்லாத மத்தியானத்திலும் ஒன்று ஆடுவது போலத் தோன்றும், போய் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு வருவேன்.

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் பார்த்தால் மதிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையில் மஞ்சள் துணி. கிரிவலம் போகிற யாரோ இதைப் பிள்ளை வரம் கேட்கிற மரம் என்று நினைத்து, என் பொட்டலத்தையே குழந்தையாக வைத்து அதைச் சுற்றித் தொட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நமக்கு இந்த வேண்டுதல் எல்லாம் கிடையாது, அவிழ்க்கத்தான் போனேன், மனசு வரவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு அந்தப் பெண்ணே வந்து நின்றாள், கீழ்பென்னாத்தூராம், உன் வயசு இருக்கும். இது சாமி மரம் இல்லை அம்மா, செடி உண்டாக்கக் கட்டி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் வெட்கப்படவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. "உள்ள உசுரு கீதா இல்லியாம்மா, அத்த மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வாரம் பாயை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வேர் வருவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நான் உள்ளே தெரிகிற கண்ணாடித் தாளாகக் கட்டியது தப்பாம். மேற்கு வெயில் நேராக உள்ளே விழுந்து பாசி காய்ந்து, எல்லாம் கருகிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் பிரிக்கப் பிரிக்க எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான் ஞாபகம் வந்தது. கடைசியாகத் தொட்டில் கட்டின கிளை. துணியை விலக்கினால் தாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர், அந்தப் பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. வேருக்கு இருட்டு வேண்டும், துணி மறைத்ததால் பிழைத்தது என்று பாய் சொன்னார், அது சரிதான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் கண்ணு. அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிளையை அறுத்துத் தொட்டியில் வைத்து, நம் பங்கில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே நிழலில் வைத்திருக்கிறோம், துணியையும் அவிழ்க்கவில்லை. நேற்று ஒரு துளிர் விட்டிருக்கிறது. அந்தப் பெண் வந்தால், இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே. இனிமேல் போனில் எலுமிச்சை எப்படி இருக்கிறது என்று கேட்காதே. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேள், நான் சொல்கிறேன்.

உன் அம்மா,
பத்மினி