பங்காளிக்குத் தீட்டு

அன்று அந்த மைக்கின் முன் நின்று நான் சொல்லாத வாக்கியம் இதுதான்: "பாதுகாப்பு பூட்ஸ் கொடுத்தும் நமது பங்காளி அதை அணியவில்லை." மேனேஜர் தன் போனில் தமிழில் எழுதி வைத்து என் கையில் திணித்த வாக்கியம். பங்காளி என்றது உன்னை.

இன்று காலை மழை தொடங்கியதும் அறைக்குள் ரப்பர் வாடை எழுந்தது. அந்த பூட்ஸ் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மஞ்சள் நிறம், ஆண்கள் அளவு. இரண்டையும் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் நரம்பு இன்னும் அறுபடவில்லை. கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. இதைக் காலில் மாட்டிக்கொண்டு யாராலும் ஓரடி எடுத்துவைக்க முடியாது.

அந்தச் சொல் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடக்கொச்சியில் காயலோரம் உன் கம்பெனியின் யார்டு. எறணாகுளத்து அடுக்குமாடிகளின் குப்பை வேனில் வந்து இறங்கும். நீங்கள் பிளாஸ்டிக், பேப்பர், கண்ணாடி என்று பிரித்துப் போடுவீர்கள். ஒரு நாள் சுவரில் தமிழில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் உங்களில் யாருக்கும் தமிழ் படிக்க வராது. எல்லாரும் மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நானும் அப்படித்தான், பிறகு பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன். நீ அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, நான் வேலை செய்யும் பிராட்வே கடையில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அழைத்தாய்.

"ஏய் லைப்ரரி, என்னடி எழுதியிருக்கான்?"

"நீங்கள் எங்கள் தொழிலாளி அல்ல, எங்கள் பங்காளின்னு எழுதியிருக்கான்."

பார்ட்னர் என்பதை எந்த இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்தார்களோ. நீ சிரித்த சிரிப்பில் என் காது அடைத்தது. "பங்காளியா? அப்ப சொத்துல பாகம் கேட்டுட வேண்டியதுதான். செல்வியக்கா, இந்தக் குப்பையில பாதி நமக்காம்!" பின்னால் பெண்கள் கூவினார்கள். சிரிப்பு பங்காளியிலேயே நின்றுவிட்டது. 'தொழிலாளி அல்ல' என்பதுதான் அந்த போஸ்டர் சொல்ல வந்த செய்தி.

எனக்காக நீ குப்பையிலிருந்து புத்தகங்கள் எடுத்துவருவாய். மீன்கறி மணக்கும் நாவல்கள். ஒன்றில் கடைசிப் பக்கங்கள் இல்லை என்று குறைப்பட்டேன். "முடிவு வேணும்னா அடுத்த வேன் வரட்டும்" என்றாய்.

மழைக்காலத்தில் யார்டில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். அதில் எலிகள் நீந்தும். அந்தத் தண்ணீரில் ஹவாய் செருப்போடு நின்றுதான் நீ வேலை செய்தாய். பூட்ஸ் கேட்கும்போதெல்லாம் மேனேஜர் சொல்லும் பதிலை அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக்காட்டுவாய்: "ஆர்டர் கொடுத்திட்டுண்டு மோளே." படமெடுக்க யாராவது வரும் அன்று மட்டும் அலுவலக அலமாரியிலிருந்து இரண்டு ஜோடி வெளியே வரும். "இன்னிக்கு என் காலுக்கு ஷூட்டிங்" என்று செய்தி அனுப்புவாய். சாயங்காலம் அவை அலமாரிக்குத் திரும்பிவிடும்.

பிறகு உன் உள்ளங்காலைக் கண்ணாடி கீறியது. காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி தாங்காமல் அழுதாய், கண்கள் சிவந்தன. எலிப்பனி என்றார் டாக்டர். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயம் வழியே உடம்புக்குள் ஏறி வரும் காய்ச்சல். உன் அம்மா கம்பெனிக்கு போன் செய்தாள். "அவள் ஸ்டாஃப் அல்லல்லோ அம்மே, பார்ட்னரல்லே" என்றார் மேனேஜர். ஸ்டாஃப் இல்லையாம், பார்ட்னராம். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

துக்கத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எல்லாம் கோபம் மெல்ல அடங்கிவிடும் என்கின்றன. எனக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டாம்.

இரங்கல் கூட்டத்தை யார்டிலேயே வைத்தார்கள். மேனேஜர் உன் அம்மாவிடம் உன் சாமான்கள் என்று ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே இந்த பூட்ஸ். அவள் அதைப் பார்த்துவிட்டு மேஜைமேலேயே திரும்ப வைத்தாள். நான் எடுத்துக்கொண்டேன். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மோள் படிச்ச குட்டியல்லே. இது ஒண்ணு தமிழில் வாயிச்சா மதி." நான் படித்த பெண்ணாம், வாசித்தால் போதுமாம். உன்மேல் பழியைப் போட உன் சிநேகிதியின் வாயே வேண்டியிருந்தது அவர்களுக்கு. ஒரு முறை மனதுக்குள் படித்தேன். போனை அவர் கையில் திருப்பி வைத்துவிட்டு மைக்கை விட்டு விலகினேன்.

செல்வியக்கா எழுந்து வந்தாள். மைக் இல்லாமலே பள்ளுருத்தி வரை கேட்கும் குரல் அவளுக்கு.

"சாரே, எங்கள பங்காளின்னு எழுதி ஒட்டினது நீங்க. நாங்க கேக்கல. பங்காளி செத்தா எங்களுக்குத் தீட்டு. பதினாறு நாளைக்கு ஒருத்தியும் இந்தக் குப்பையத் தொட மாட்டோம்."

"எந்தா?" என்றார் மேனேஜர், தீட்டு என்ற சொல் புரியாமல்.

"புல, சாரே, புல! உங்க ஆளுங்களுக்கும் உண்டல்லோ? சாருக்கும் அவ பங்காளிதானே. சாரும் எதையும் தொடாம வீட்டுல இருங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். உன் படத்துக்கு முன்னால், மாலை வாடாத நேரத்தில். நீ இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பாய். செல்வியக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவ எங்க தொழிலாளின்னு ஒரு வாட்டி இந்த மைக்ல சொல்லுங்க. எல்லா காலுக்கும் பூட்ஸ் குடுங்க. நாளைக்கே வந்துடறோம்."

மேனேஜர் மைக்கை அணைத்தார்.

சொன்னபடியே யாரும் வேலைக்குப் போகவில்லை. வேன்கள் நிறைந்தபடி நின்றன. மாலையில் கடை முடிந்து படகேறி வந்து உன் வீட்டு வாசலில் அவர்களோடு உட்காருவேன். சாயா சுற்றி வரும். "பதினாறுக்கு சாருக்கு மொட்டை போடணுமே, யாருடி தலையப் புடிக்கிறது?" என்று ஒருத்தி கேட்பாள். கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. நீ அவர்களுடைய தொழிலாளி என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

முடிவில்லாத அந்த நாவலும் இந்த பூட்ஸும் என்னிடம் இருக்கின்றன. நரம்பை நான் அறுக்கப் போவதில்லை. யார் கேட்டாலும் இப்படியே எடுத்து முன்னால் வைப்பேன்.

பதினாறு முடிந்த மறுநாள் காலை செல்வியக்கா எல்லாரையும் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனாள். நானும் போனேன். கேட் பூட்டியிருந்தது. சுவரில் போஸ்டரைக் கிழித்திருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம், வேறு ஊரிலிருந்து கொண்டுவந்த பெண்கள் குப்பை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய காலிலும் பூட்ஸ் இருந்தது.