நீலக் கோப்பையில் உன் எண்ணெய்

ஏதென்ஸ்
டிசம்பர் 12, வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணன் மனூசோஸுக்கு,

இங்கே நலம். அண்ணி இடுப்பு அறுவைக்குப் பிறகு கோல் இல்லாமல் நடக்கிறார் என்று உன் மகள் கல்லியோப்பி சொன்னாள், நிம்மதியாக இருந்தது. போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, இன்றிரவுக் கப்பலில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரை படி.

நான் வங்கி வேலையை விட்டபோது, "நாப்பத்திநாலு வயசுல மோந்து பாக்குற வேலையா? அதுக்கு ஒரு நாய் போதுமே, பென்ஷனும் கேக்காது" என்று சொன்னாய். நானும் சிரித்தேன். பதினெட்டு வருஷம் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விளக்கின் ரீங்காரமும் வரிசையில் நிற்பவர்களின் கோபமும் என் உடம்பில் ஏறிக்கொண்டே இருந்தன. வீட்டுக்கு வந்ததும் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். உங்களுக்கெல்லாம் நான் தொட்டாச்சிணுங்கி.

இந்த ஆலிவ் எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் எட்டு பேர் ருசி பார்க்கிறோம். தனித்தனி தடுப்பு, பேச்சே கிடையாது. சென்ட் பூசி வந்தால் வாசலோடு திருப்பிவிடுவார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க எண்ணெய் நீலக் கோப்பையில் மூடியோடு வரும். யாருடையது என்று தெரியாது, எண் மட்டும்தான். ஊரெல்லாம் கேலி செய்த மூக்குக்கு இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. என் சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது கோப்பையின் மூடியைத் திறந்தேன். நம் கிணற்றோரத்துச் சோம்புச் செடி வாசம். அதற்கு அடியில், புழுங்கிய சாக்கு.

ஆலை மோட்டார் எரிந்துபோய், பறித்த காய் ஆறு நாள் சாக்கோடு ஆட்டுக்கொட்டகையில் அடுக்கிக் கிடந்ததாக நீயே சொன்னாயே. எழுந்துபோய் எங்கள் குழுத் தலைவி பொலிக்செனியிடம் இது என் அண்ணன் எண்ணெய், நான் மதிப்பெண் போடக் கூடாது என்றேன். "எண்ணெய்ல ஊர்ப் பேரா எழுதியிருக்கு? போய் உக்காரும்மா. இப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறவங்கள வச்சு நான் என்ன பண்றது?" என்றார்.

உட்கார்ந்தேன். முதல் தரம் கிடைத்தால்தான் உன் சொந்தப் பெயரில் போத்தல் போட முடியும் என்பதும், கல்லியோப்பி வரைந்த லேபிள் அச்சாகிவிட்டதும் எனக்குத் தெரியாதா? குறை இல்லை என்று எழுத ஒரு நொடி போதும். குறை உண்டு என்று எழுதப் போகும்போது உன் நாய்ப் பேச்சு ஞாபகம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் குறை சொல்லப் பார்க்கிறேனோ என்று பயந்துபோனேன். வாயில் பழைய ருசி போக ஆப்பிள் துண்டைக் கடித்து, தண்ணீர் குடித்து, மறுபடி ருசித்தேன். கோபம் போய்விட்டது. சாக்கு வாடை போகவில்லை. குறை உண்டு என்று போட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. நான்கு பேர் குறை இல்லை என்றிருக்கிறார்கள், மூன்று பேர் உண்டு என்றிருக்கிறார்கள். சரிபாதி ஆனாலே முதல் தரம் போய்விடும். பாதியாக்கியது நான்.

முடிவுத்தாள் உனக்குத் திங்கட்கிழமைதான் வரும். அதற்கு முன் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருந்தும் முன்பின் தெரியாத யாரோ அனுப்பும் காகிதத்தில் நீ அதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்கு எழுதியதை நாளைக் காலை பொலிக்செனியிடம் நானே சொல்லிவிடுவேன். அவர் என்னை வைத்துக்கொள்வாரா, தெரியவில்லை. இந்த வேலையை இழந்தால் நான் வேறு எங்கே போவேன் என்பதும் தெரியவில்லை.

மேல்தோட்டத்துக் காய் இன்னும் மரத்தில்தானே இருக்கிறது? அதைப் பறித்த அன்றே பக்கத்து ஊர் ஆலைக்குக் கொண்டுபோ. சாக்கு வேண்டாம், காற்றுப் போகும் கூடை எடு. லேபிளை அதற்கு வைத்துக்கொள்.

அப்பா இதேபோல் காயைச் சாக்கில் போட்டுவைத்த வருஷம் எனக்கு ஏழு வயது. அந்த எண்ணெயில் நனைத்த ரொட்டி எனக்குத் தொண்டையில் இறங்காது. அப்பா கையை ஓங்குவார். அந்தக் குளிர்காலம் முழுக்க மேசைக்கு அடியில் என் ரொட்டியை வாங்கித் தின்றது நீ. இன்றுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை நீ.

சனிக்கிழமைக் கப்பலில் ஊருக்கு வருகிறேன். கதவைத் திறக்க மனமில்லை என்றால் திறக்காதே. திறந்தால், உன்னுடைய அந்த எண்ணெயையும் ரொட்டியையும் மேசையில் வை. இந்த முறை என் பங்கை நானே தின்கிறேன்.

உன் தங்கை,
எவாந்தியா