மூன்று ரூபாய்க்கு ஓர் இலையுதிர் காலம்

2 அக்டோபர் 1926, சனி

காலை முழுக்க மழை. ஆபீசில் துரை தூக்கிப் போட்ட சீமைப் பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதில் ஒரு வீட்டு வாசல் படம். கதவில் மஞ்சளும் பழுப்புமாய் இலைக் கொத்து, மஞ்சள் ரிப்பன், படியில் பூசணிக்காய், பக்கத்தில் செப்புக் குடம். கீழே, 'இலையுதிர் காலத்தில் விருந்தினரை வரவேற்க' என்று எழுதியிருந்தது. என்ன மதிப்பு! என்ன அடக்கம்!

பதினாறாம் தேதி பஸ்ஸீன் ஊரிலிருந்து இராஜகுமாரி அம்மாள் நம் மகள் அமலியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மகன் ராஜரத்தினம் அரிசி மில் மானேஜர். நம் தெருக்கதவோ மழையில் பாசி பிடித்து, பெயிண்ட் உரிந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் இனாயத்துல்லாவிடம் சொன்னால், "மழை நிக்கட்டும் சாப்" என்கிறார். நான்கு வருஷமாக அதே மழை. நானே அந்தப் படத்தில் உள்ளபடி செய்துவிடப் போகிறேன். செலவு மூன்று ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

சாப்பிடும்போது அமலி, "இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்பா" என்றாள். வாசல் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

3 அக்டோபர், ஞாயிறு

ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து திரும்பும்போது அமலி மறுபடியும் ஆரம்பித்தாள். அந்த ராஜரத்தினத்துக்கு நாற்பது வயதாம், இறந்துபோன மூத்த தாரத்துக்கு இரண்டு பிள்ளைகளாம். இவளுக்கு இருபத்துநாலு. மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பை விட மனமில்லையாம், ஜூனில் மோல்மேனுக்கு ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். தாயில்லாப் பிள்ளை, செல்லம் கொடுத்துவிட்டேன். மதியம் குழம்பில் உப்பு கம்மி.

5 அக்டோபர், செவ்வாய்

பூக்கடையில் படத்தைக் காட்டினேன். அதே மாதிரி செய்ய பன்னிரண்டு ரூபாய் கேட்கிறான். கதவையே கழற்றி விற்றாலும் அவ்வளவு தேறாதே! சூலே பகோடாவிலிருந்து ஆற்றங்கரை வரை காய்ந்த இலை தேடி நடந்தேன். ஒன்றுகூட இல்லை. எல்லா மரமும் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. இந்தப் பர்மா மரங்களுக்குக் காலத்தில் இலை உதிர்க்கும் ஒழுக்கமே இல்லை.

7 அக்டோபர், வியாழன்

அமலி அழுதாள். "வேண்டாம்பா, கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் படத்தைக் கொண்டுவந்து காட்டி, ரிப்பனுக்கு எந்த மஞ்சள் பொருந்தும் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள்.

8 அக்டோபர், வெள்ளி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! பெண் மனம் மாறிவிட்டாள். காலையில் அவளாகவே படத்தை எடுத்து வெகு நேரம் பார்த்தாள். "சின்ன இலையா இருந்தா எடுப்பா இருக்கும்பா. வேப்பிலை கொண்டாரேன், காசே வேணாம்" என்றாள். ரிப்பனுக்கு என் பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் நனைத்துத் தருகிறாளாம். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் யாரிடமிருந்து வந்தது? சொல்லவே வேண்டாம்.

11 அக்டோபர், திங்கள்

முடிந்தது! கதவின் இரு பக்கமும் வேப்பங்கொத்து. குறுக்கே மஞ்சள் துணி. படியில் பரங்கிக்காய் ஒன்று. செப்புக் குடத்துக்குப் பதில் பித்தளைச் செம்பு. அதில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் கரைத்து, ஒரு கொத்தைச் செருகியது அமலியின் யோசனை. மொத்தச் செலவு ஒரு ரூபாய் இரண்டணா.

பக்கத்து வீட்டு வேலம்மா (புருஷன் ரயில்வேயில்) வந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். அவள் எதைக் கண்டாலும் கும்பிடுவாள். மோல்மேன் மிஷன் பங்களாவில் துரைசானி கையில் வளர்ந்தவன் நான். இந்தத் தெரு வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பிரயாசைப்பட்டதும் இல்லை. ஆனாலும் அழகு எல்லோரையும் தொடத்தான் செய்கிறது.

12 அக்டோபர், செவ்வாய்

சவரம் செய்ய சுலைமான் வரவேண்டிய நாள். எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, கை வலி என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட மட்டும் கை வலிக்கவில்லை.

வேலம்மா இரண்டு இளநீரும் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழும் வாசலில் வைத்திருக்கிறாள். காரணம் புரியவில்லை. நல்ல மனுஷி. கூழ் அருமை.

13 அக்டோபர், புதன்

பரங்கிக்காய்க்கு யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு டஜன் கண்ணாடி வளையல், எலுமிச்சம்பழம். படத்தில் இல்லாததுதான், ஆனால் நிறம் பொருந்துகிறது. விட்டுவிட்டேன். வண்ணான் அழுக்கு எடுக்க வரவில்லை. வாசலில் கத்தும் பிள்ளைகளை அவரவர் தாய் வாயைப் பொத்தி இழுத்துப் போகிறார்கள். தெரு திருந்தி வருகிறது.

பயமில்லாமல் கிட்ட வந்தது ஒரு பர்மாக்காரி மட்டும்தான். கூடையை இறக்கிவைத்து, நாப்பி என்கிற மீன் விழுதுக்குத் தொட்டுக்கொள்ள நல்ல தளிராகப் பார்த்து ஒரு பிடி பறித்துக்கொண்டு போனாள். இடது பக்கக் கொத்து மெலிந்துவிட்டது.

15 அக்டோபர், வெள்ளி

நாளை. கோட்டுக்கு இஸ்திரி நானே போட்டேன். அமலி வெகு அமைதி.

16 அக்டோபர், சனி

என்ன எழுதுவது? எப்படி எழுதுவது?

நாலு மணிக்குக் குதிரை வண்டி வந்து நின்றது. இராஜகுமாரி அம்மாள் ஒரு காலைக் கீழே வைத்தார்கள். நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்கள். வைத்த காலை எடுத்துக்கொண்டார்கள். வண்டி திரும்பிவிட்டது!

குடையோடு பின்னால் ஓடினேன். "அம்மா! டீ ஆறுது! உள்ளே வாங்க!" என்று ட்ராம் ரோடு வரை கத்தினேன். அந்த அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கிட்ட வராதீங்க! நல்லா இருப்பீங்க, கிட்ட வராதீங்க!" என்று அலறினார்கள். ட்ராம் நிறைய ஜனம் பார்த்தது. என்ன தப்பு செய்தேன்?

17 அக்டோபர், ஞாயிறு

கோவிலில் என் பெஞ்சியில் நான் மட்டும். ஆராதனை முடிந்ததும் போதகர் பத்தடி தள்ளி நின்று கேட்டார்:

"தேவநேசன், வீட்டுல நோயா, இல்ல விக்கிரக ஆராதனையா? எதுவானாலும் மறைக்காமச் சொல்லிடுங்க."

"இலையுதிர் காலம், ஐயா."

"அது என்ன வியாதி?"

பிறகு அவரே விளக்கினார். வேப்பிலையும் மஞ்சள் துணியும் வாசலில் கட்டினால் அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, யாரும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தமாம். செம்பும் மஞ்சள் தண்ணீரும் மாரியாத்தாளுக்காம்! ஐம்பத்துநாலு வயதுக் கிறிஸ்தவன், ஒரு ரூபாய் இரண்டணாவில் மாரியாத்தா கோவில் கட்டி, அந்தக் கூழையும் குடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். வேலம்மா பதறி வந்தாள். "ஐயோ, ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்தி அனுப்பாமப் பிய்க்கலாமா?" என்றாள். "யாருக்கும் அம்மை இல்லை! எனக்குத் தெரியாது! நீயாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"உங்களுக்குத் தெரியாது சரி ஐயா. அமலிப் பாப்பாவுக்குமா தெரியாது? போன வருஷம் என் மகளுக்கு அம்மை போட்டப்ப, எங்க வாசல்ல வேப்பிலை கட்டினதே அதுதானே?"

மாடி ஏறிப் போய்க் கேட்டேன்.

அமலி மறைக்கவில்லை. "தெரியும்பா" என்றாள். அப்பனைத் தெரு சிரிக்க வைச்சிட்டியே, உனக்கு நெஞ்சு எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். "வாயால சொல்லிப் பாத்தேன்பா. ஒங்களுக்குக் கேக்கல. அந்த அம்மாவுக்காவது கண்ணு தெரியுமேன்னு பாத்தேன்" என்றாள். கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். அவள் அம்மா போனதிலிருந்து ஒருநாளும் ஓங்கியதில்லை.

18 அக்டோபர், திங்கள்

சாப்பாடு மட்டும் தட்டில் வருகிறது.

20 அக்டோபர், புதன்

போதகர், இன்னும் இந்த ஊரிலேயே தங்கியிருக்கும் இராஜகுமாரி அம்மாளைப் பார்த்து விஷயத்தை விளக்கிவிட்டார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மறுபடி முப்பதாம் தேதி சனிக்கிழமை வரச் சம்மதம். இப்படி ஒரு வெள்ளை மனசு உள்ள சம்பந்தி எங்கே கிடைப்பார் என்றார்களாம்! கேட்டதும் உச்சி குளிர்ந்தது. மாடி ஏறி அமலியிடம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். "சரிப்பா" என்று மட்டும் சொல்லி, அரிசி களையப் போய்விட்டாள். அந்த 'சரிப்பா' எனக்குப் பிடிக்கவில்லை.

எத்தனை தடவைதான் சொன்னாளாம், பார்த்துவிடலாம் என்று இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். இரண்டாம் தேதி ஒன்று. மூன்றாம் தேதி ஒன்று, உப்புக்கு முன்னால். ஏழாம் தேதி ஒன்று. மூன்றும் என் கையெழுத்து. அழகாகப் பேனா பிடித்து எழுதியிருக்கிறேன். எழுதினவன் காதில் விழவில்லை. என்ன மனுஷன்டா நீ, தேவநேசா?

22 அக்டோபர், வெள்ளி

தெருவெல்லாம் பர்மாக்காரர்களின் பண்டிகை விளக்கு. மழை விட்டுவிட்டது.

இராஜகுமாரி அம்மாளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முப்பது வருஷம் துரைகளுக்கு எழுதின கை, 'தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன்' என்று ஆறு தாளைப் பாழாக்கியது. ஏழாவதில் இவ்வளவுதான் எழுதினேன்: 'என் மகளுக்கு விருப்பமில்லை. முன்பே சொன்னாள். நான் கேட்காதது என் குற்றம். மன்னிக்கவும்.' நானே நடந்து போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

அமலி பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிப் போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"ஒனக்கு இஷ்டமில்லேன்னு."

சிலேட்டைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு இஷ்டமா இருந்துச்சேப்பா?"

"இருந்துச்சு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்த ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் ஒரு சிலேட்டை எடுத்துத் துடைத்தேன்.

மோல்மேனுக்கு ரயில் சார்ஜ் என்ன என்று நாளை ஸ்டேஷனில் விசாரிக்க வேண்டும்.