நிருஜா கேட்ட விமானம்

பாலையூற்று,
ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று உன் மகள் நிருஜா எனக்குப் போன் எடுத்தாள். நீ என்னோடு கதைக்காத இந்தப் பத்தொன்பது வருடத்தில் பேத்தியின் குரலை நேற்றுத்தான் கேட்டேன். விமானப்படையில் மெக்கானிக்காக நான் வேலை செய்த ஜெட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை எழுதுகிறாளாம்.

எழுபத்தொன்றில் ருஷ்யாவிலிருந்து வந்த மிக் சண்டை விமானங்கள் என்றேன். சில வருடம் பறந்தன. பிறகு உதிரிப்பாகம் கிடைக்காமல் சீனக்குடா விமானத்தளத்தில் நின்றன. கிறீஸ் பூசித் துருப்பிடிக்காமல் பார்த்தவன் நான்.

"அம்மப்பா, அப்பா செத்தது அந்தப் பிளேன் போட்ட குண்டிலையா?"

"இல்லை பிள்ளை, அது வேற பிளேன்."

அது உண்மை. உன் புருஷனை வயலிலிருந்து தூக்கி வந்த அன்று உனக்கும் அதையேதான் சொன்னேன்.

"அம்மா வேற மாதிரிச் சொன்னவ," என்றாள்.

லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு குண்டு போட்ட அந்தப் புது ஜெட்டுகளில் வேலை செய்ய வந்த பொடியன்களுக்கு, அந்த மிக்கைக் கழற்றிப் பூட்டித்தான் வேலை பழக்கினேன். அவர்கள் கெட்டிக்காரர் என்று உன்னிடமே பெருமையாகச் சொன்னேன்.

நிருஜா திரும்ப எடுப்பாள். இந்தமுறை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு அவளும் என்னோடு கதைக்காமல் விட்டால், அவளை ஏசாதே.

உன் அப்பா