கறுப்புக் கோட்டுக்கு அடியில்

அன்புள்ள கொக்குவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட இப்போது யார் இருக்கிறார்கள்? கடிதத்தை உன் பள்ளிக்கூட முகவரிக்கு ஏன் அனுப்புகிறேன் என்று உனக்கே புரியும். சித்தி வீட்டில் வளர்ந்ததாகத்தானே வீட்டில் சொல்லியிருக்கிறாய். அது அப்படியே இருக்கட்டும்.

நான் இன்னும் அதே ஆஸ்பத்திரிச் சலவை அறையில்தான். நீராவியில் நின்று நின்று மூச்சு வாங்குகிறது. டாக்டர், "சின்ன வயசுல நெஞ்சுல ஏதாவது நோய் வந்துச்சா? வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்றார். யாரிடம் போய்க் கேட்பேன்? நாம் வளர்ந்த அநாதை விடுதியில் என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பார்களே என்று அங்கே போனேன். பழைய காகிதமெல்லாம் மழையில் நனைந்து போய்விட்டதாம். மறுபடி போனேன். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வழி சொன்னாள். மாடியில் ஓர் ஒடுங்கின அறை, காற்றாடி கடகடவென்று ஓடும். வக்கீலம்மாவுக்கு நம்மைவிட வயது குறைவு. அவள் நோட்டீஸ் அனுப்பினதும் மழையில் போன காகிதம் எப்படியோ காய்ந்து வந்துவிட்டது!

நெஞ்சு நோயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நடுவில் ஒரு பக்கத்தில், வார்டன் எழுதியது, இப்படி இருந்தது: "நான் ஒரு பெண்ணின் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினேன் என்று ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் இவள் சொல்லியிருக்கிறாள். இவள் பொய் சொல்லும் பழக்கம் உள்ளவள். அந்தப் பெண் குளியலறையில் வழுக்கி விழுந்தாள்." அந்தப் பெண்ணின் பெயர் மேல் கறுப்பு மையால் தடித்த கோடு இழுத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவர் விவரத்தைக் காட்டக் கூடாதாம். எனக்கு மையைச் சுரண்டியா பார்க்க வேண்டும், கொக்கு?

படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷமும் நான் பொய்க்காரியாகவே ஓர் அலமாரிக்குள் இருந்திருக்கிறேன். வக்கீலம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அழாதீங்கக்கா. இந்த வரிதான் நமக்குச் சாட்சி. நீங்க அன்னிக்கே வாய் திறந்து சொல்லியிருக்கீங்கன்னு அந்தம்மா கைப்பட எழுதிக் கொடுத்திருக்கு."

விடுதி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டாயிற்று. சலவை அறையில் ஒருத்தி, "எப்பவோ நடந்ததை இப்ப எதுக்குக் கிளறணும்?" என்று கேட்டாள். நான் அடுத்த துணி மூட்டையை அவிழ்த்தேன்.

வார்டன் இறந்துவிட்டாளாம். நிர்வாகம் அனுப்பிய பதிலில் இருந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. அந்த வரியை அவள் கையாலேயே அடிக்க வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முந்திக்கொண்டு போய்விட்டாள். அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை, அந்தப் பெண் யார் என்று காட்டட்டும் என்று நிர்வாகம் இப்போது சவால் விடுகிறது.

உன் பெயரை வக்கீலம்மா கேட்டாள். சொல்லவில்லை. "அது அவ சொல்ல வேண்டியது, நான் சொல்லக் கூடாது" என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. நீ சம்மதித்தால் மூடிய அறையில், நீதிபதி முன்னால் மட்டும் பேசலாமாம். பெயர் வெளியே வராதாம். நீ இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். உன்னிடம் நானும் மறைக்கவில்லை.

விசாரணை அடுத்த மாதம். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன், உன் பெயரை விட்டுவிட்டு. அங்கே என்னை மறுபடி பொய்க்காரி என்று சொன்னாலும் சொல்லட்டும். அதற்காக உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. இதை நம்பு.

உன் பெண் நன்றாகப் படிக்கட்டும். உன் வீடு நிறைந்து இருக்கட்டும். நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு, நடந்தது உண்மைதான் என்று ஒரு தரம், யாருக்கும் கேட்காமலாவது, உன் வாயால் சொல்லிவிடு.

என்றும் உன்,
வாயாடி