பதினேழாம் குழாய்

திருவண்ணாமலை,
ஜூன் 9, 2025

அன்பு மதி,

நானும் கவியும் நலம். பொங்கல் முடிந்து நீ கொல்கத்தா போனதிலிருந்து அப்பா சுடும் தோசை கருகுவதாக அவள் புகார். வேங்கிக்கால் பள்ளிக்கு வண்டியில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்.

மலையடிவாரத்துச் சாணி வண்டுகள் இருபது அனுப்பியிருக்கிறேன், குழாய்க்கு ஒன்று. முதல் பன்னிரண்டும் ஒரே இனம். முன்காலின் பற்களை எண்ணித்தான் பெயர் எழுதினேன். உன் ஆய்வகத்து டி.என்.ஏ. சோதனை என்ன சொல்கிறது, பார்க்கலாம்.

வேடியப்பன்

கொல்கத்தா,
ஜூன் 23

அன்புள்ள மாமா,

பன்னிரண்டில் இரண்டு இனங்கள் வருகின்றன. உங்கள் கண் தவறாது, என் கைதான் தவறியிருக்கும் என்று மறுபடி கால்களைக் கிள்ளி எடுத்துச் சோதித்தேன். அதே பதில். லென்ஸில் பார்த்தேன். ஏழுக்கு மூன்று பல், ஐந்துக்கு நான்கு. எனக்கே தெரிகிறது.

பதினேழாம் குழாயில் கிள்ளுவதற்குக் காலே அகப்படவில்லை. கொட்டிப் பார்த்தேன். அது வண்டே இல்லை மாமா, புளியங்கொட்டைத் தோல்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்புகிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மதி

திருவண்ணாமலை,
ஜூன் 28

அன்பு மதி,

மண் தோண்டித் தோண்டி அதுகளுக்குப் பல் தேய்ந்துவிடும், யாரும் ஏமாறுவார்கள். அறையில் வெளிச்சமும் கம்மி. கண் டாக்டரிடம் காட்டியாயிற்று, ஒன்றுமில்லை என்றார். வீணாகப் பயப்படாதே.

வேடியப்பன்

கொல்கத்தா,
ஜூலை 3

மாமா,

பயப்படாதே என்ற வரியை, டாக்டர் பற்றிய வரியின் மேலேயே ஏற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாம் தேதி ரயில் ஏறுகிறேன். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கவியை வண்டியில் ஏற்றாதீர்கள்.

மதி

திருவண்ணாமலை,
ஜூலை 8

அன்பு மதி,

நான் சொல்லச் சொல்லக் கவி எழுதுகிறாள். உன் கடிதங்களையும் இவள்தான் படித்துக் காட்டினாள். டாக்டரிடம் நான் போகவே இல்லை. போனால் இதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார் என்று பயம். எதைப் பார்த்தாலும் நடுவில் இருட்டு, ஓரம் மட்டும் தெரிகிறது. வண்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வா.

வேடியப்பன்

அம்மா, இது நானே எழுதுறது. அப்பா தண்ணி குடிக்கப் போயிருக்காரு. அவரைத் திட்டாதே. எனக்கு மொதல்லயே தெரியும். பின்னாடி உக்காந்து "அப்பா மாடு, அப்பா பஸ்ஸு, இப்போ போலாம்"னு தினமும் நான்தான் சொல்லிக்கிட்டே போவேன். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.

ஒரே ஒரு தடவை சொல்ல மறந்துட்டேன். முழங்கால் இப்போ ஆறிடுச்சு.

கவிநிலா