மகாராணிக்கு வறுத்த சோயா

கால்நடை மருத்துவச் சக்கரவர்த்தினியான என் அருமை மருமகளே,

பச்சை சோயா செரிக்காது என்று நீ மிரட்டியதால் தினமும் நானே வறுத்து அரைத்துத் தவிட்டில் கலக்கிறேன். நம் நாட்டுப் பன்றி மகாராணி இப்போது யானையை மல்யுத்தத்துக்கு அழைக்கிறாள். அவள் குட்டிகளும் குண்டு குண்டாகிவிட்டன. வறுக்கிற வாசனை ஏழு உலகத்துக்கும் எட்டி, பால்காரர் வந்து நின்றார்.

"என்ன மாமா, விருந்தா? எனக்கும் ஒரு தட்டு வைங்க!"

"பன்னிக்குய்யா."

"அப்ப உங்களுக்கு?"

குட்டி கத்துகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். தோல் நீண்டுவிட்டது போலும்! உன் அத்தை போனதிலிருந்து அந்த அடுப்பில் எனக்கென்று எதுவும் வைக்கத் தோன்றவில்லை. களைப்பாக இருக்கிறது, தங்கம். மருந்து எழுதி அனுப்பாதே. லீவு கிடைத்தால் வந்து எதிரில் உட்கார். சாப்பிட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
பன்றிகளின் தலைமைச் சமையல்காரன்,
உன் தாய்மாமன்